மாடல் அக்காவின் விண்ணப்பம்

இரண்டு குதிகால்களையும் சுற்றி மேடையில் மஞ்சள் டேப் ஒட்டியாயிற்று. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் ஒட்டியாயிற்று. தக்காளி வடிவத்தில் இருக்கும் சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்குத் திருகிவைத்த பிறகுதான் லியாவ் சியுரோங் அங்கியைக் கழற்றுகிறார். அப்புறம் மணி அடிக்கிறவரை கொசு கடித்தாலும் அசைய மாட்டார். தைவானின் தைனான் நகரத்துக் கொசுவோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், மாணவர்கள் மனித உடலை வரையப் பழகும் வகுப்புக்கு அவர்தான் மாடல். வயது ஐம்பத்தொன்று. இருபத்தெட்டில் ஏறிய மேடை. வேலை நாளில் விடிந்ததிலிருந்து காலுறை போட மாட்டார். எலாஸ்டிக் தடம் தோலில் பதிந்துவிட்டால் பாவம், பிள்ளைகள் அதையும் சேர்த்து வரைந்து வைப்பார்கள். வகுப்புக்கு முன்னால் ஆவியில் வெந்த பன்னில் பாதிதான் தின்பார். மீதியைப் பையில் முடிந்து வைத்துக்கொண்டு, நண்பகலில் அதே பன்னைச் சோயாப் பாலில் முக்கித் தின்பார். முழுதாகத் தின்றால் வயிறு பதினொரு மணிக்கு ஒரு மாதிரியும் பன்னிரண்டுக்கு இன்னொரு மாதிரியும் இருக்குமாம்.

உடம்புதான் அசையாதே தவிர, வாய்க்குப் பூட்டுக் கிடையாது. உதடு அசையாமல் பேசவும் அவருக்கு வரும். தாளிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு வரைகிற பையனைப் பார்த்து, "தம்பி, நீ என்னைப் பாக்கல. போன வாரத்து என்னை வரைஞ்சுக்கிட்டிருக்க," என்பார். பையன் திடுக்கிட்டு நிமிர்வான். வகுப்பறைச் சுவரில், 'கண் மாடல் மேல், கை தாள் மேல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறது. துறைத் தலைவர் ஃபாங்கின் வாசகம் அது. அவர் முன்னால் யாராவது பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அர்ச்சனைதான்.

இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பத்து நிமிட ஓய்வு. மாடல்கள் பலர் அந்த நேரத்தில் அங்கியைச் சுற்றிக்கொண்டு, தங்களை எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஓவியத் தாங்கியாகப் போய்ப் பார்ப்பார்கள். சியுரோங் பார்க்கவே மாட்டார். நேரே தடுப்புத் திரைக்குப் பின்னால் போய்விடுவார். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் சியுரோங்குகள் அந்த அறையிலிருந்து சுருட்டி எடுத்துப் போகப்பட்டிருப்பார்களோ, அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

துறை அலுவலக எழுத்தர் ஹோங்குக்கு இது தாங்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டார். "ஏன்க்கா, ஒரு தடவகூடவா ஆசையா இருக்காது?"

"ஆசை இல்லாமயா? பாத்துட்டா வம்பு ஹோங். ஒருத்தன் என்னை மெலிசா போட்டிருக்கான்னு வை. அடுத்த தடவ நானே வயித்த உள்ள இழுத்துக்குவேன். அப்புறம் அவன் என்னைப் பாத்து வரையறானா, நான் அவன் படத்தைப் பாத்து உக்கார்றேனா?"

"அப்போ எப்பத்தான் பாப்பீங்க?"

"இந்த மேடைய விட்டு இறங்கின அப்புறம்."

திரைக்குப் பின்னால் அவர் என்ன செய்கிறார் என்பது நெடுநாள் யாருக்கும் தெரியாது. தூங்குகிறார் என்றார்கள், சாமி கும்பிடுகிறார் என்றார்கள். அவர் வரைந்துகொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பாமல் இருபது நிமிடம் எது கண்ணில் விழுந்ததோ, அதைப் பத்து நிமிடத்தில், மடியில் வைத்த நோட்டில், ஞாபகத்திலிருந்து. இப்படி நாற்பத்தொரு நோட்டுகள். ஒருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு வரைகிறாள். ஒருவன் கரிக்குச்சியைக் கடித்து வாயெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு நிற்கிறான். இன்னொருத்தி அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டு, மறுபடி வரைகிறாள். தங்களை ஒருவரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிற முகங்கள். யாரிடமும் படித்து வந்த கை இல்லை அது. ஆனால் கோடு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றுவிடுகிறது.

முதுகலை ஓவியப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வணிகக் கல்லூரிப் பட்டயம் ஒன்று இளவயதில் வாங்கியது இருந்தது. அது செல்லுமா என்று மூன்று முறை விசாரித்து, செல்லும் என்று மூன்று முறையும் கேட்டுக்கொண்டார். போன வருடம் ஹோங்கின் யோசனைப்படி இருபது நீர்வண்ணப் படங்கள் வைத்தார். கோயில் கூரை, மாம்பழம், பூச்சாடி என்று சமத்தான படங்கள். முதல் வடிகட்டலிலேயே போய்விட்டது. இந்த வருடம்தான் கடைசித் தடவை, இதிலும் இல்லையென்றால் கேட்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, நோட்டுகளிலிருந்து இருபது படங்களைப் பிரித்தெடுத்துவந்து அலுவலக மேசையில் அடுக்கினார்.

"சேர்ந்தா என்ன வரையப் போறீங்கன்னு படைப்புத் திட்டம் ஆயிரத்தைந்நூறு வார்த்தை கேட்டிருக்காங்கக்கா. இது என்ன, அரைப் பக்கம்தான் இருக்கு?"

"எண்ணிப் பாத்தேன். நூத்தி எண்பத்தாறு. சொல்ல வேண்டியது அதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சு."

ஹோங் படித்தார். 'இருபத்து மூன்று வருடமாக ஒரு பக்கத்திலிருந்து இந்த அறையைப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து மேடை எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும்' என்று தொடங்கியது.

"சரிக்கா. ஆனா சேர்ந்துட்டீங்கன்னா, சொந்தத் துறை மாணவி இங்க மாடலா உக்காரக் கூடாது. விதி. இந்த ரெண்டு நாள் வேலையும் போயிடும். அது தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

ஹோங் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழாவது படத்தில் அவர் கை நின்றுவிட்டது. இருபது வருடத்துக்கு முந்திய படம். ஒல்லியான இளைஞன் ஒருவன் தாங்கியின் முன்னால் நிற்கிறான். கையில் கரிக்குச்சி. கண்ணோ, பக்கத்தில் நிற்கிறவளின் தாளில். எட்டிப் பார்க்கிற அந்தக் கழுத்து மட்டும் ஒரு முழம் இருந்தது. கையும் களவுமாக அகப்பட்டிருந்த அந்த இளைஞன் யாரென்று விரிந்து நிற்கிற காதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

"அக்கா, இது ஃபாங் சார்."

"ஆமா. அப்ப முதுகலை ரெண்டாவது வருஷம்."

"இதையா வைக்கப் போறீங்க? நேர்காணல்ல நடுவுல உக்காரப் போறதே அவருதான். தலைல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்க."

"வேணும்னா சொல்லு, இந்த இருபதுல எது நல்ல படம்?"

ஹோங் அந்தப் படத்தை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். எது நல்ல படம் என்று அவருக்கும் தெரிந்தது, அதுதான் சங்கடம்.

சியுரோங் அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நான்கு நாள் வைத்துக்கொண்டு திண்டாடினார். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிற கணவர் மிங்தே, "அம்பத்தோரு வயசுல பள்ளிக்கூடப் பை தூக்கற ஆசை. அதுலயும் வாத்தியாரையே வம்புக்கு இழுக்கற," என்று கேலி செய்துவிட்டு, அதே கையோடு இருபது படத்துக்கும் மரச் சட்டம் அடித்துக் கொடுத்தார். ஏழாவதற்கும் அடித்தார். ஐந்தாம் நாள் அவருடைய நீலநிறச் சின்ன லாரியில் இருபதும் துறைக்குப் போயின.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் எழுதியவர் கையெழுத்துப் போட்டுத் தருவார். விண்ணப்பிக்கிறவர் பிரித்துப் பார்க்கக் கூடாது. இரண்டு பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார்கள். அதில் என்ன இருந்தது என்பது நேர்காணல் அன்றுதான் தெரிந்தது.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. சுவரோரமாகப் படங்கள் சாத்தியிருந்தன. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: நடுவில் ஃபாங், ஒரு பக்கம் அச்சு ஓவியம் சொல்லித் தரும் மூத்த பேராசிரியை, மறுபக்கம் தைபேயிலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளர். ஹோங் கதவோரமாக மணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் நிமிடம் எச்சரிக்கையாக ஒரு தட்டு, பத்தாம் நிமிடம் முடிந்தது என்று இரண்டு தட்டு.

சியுரோங் நின்ற இடத்தில் நின்றார். மற்ற விண்ணப்பதாரர்கள் கையைப் பிசைவார்கள், காலை மாற்றுவார்கள். இவரிடம் ஓர் அசைவு இல்லை. வெளித் தேர்வாளருக்கு அதுவே விசித்திரமாக இருந்தது. கடிதங்களைப் பிரித்தார்.

"'ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. இருபது நிமிடமும் இம்மியளவு அசைந்ததில்லை.' அடுத்ததும் இதேதான். 'எவ்வளவு கடினமான நிலையிலும் பொறுமையாக அமர்வார்.' என்னம்மா இது? ரெண்டு பேரும் உங்க உக்கார்ற திறமையத்தான் எழுதியிருக்காங்க. வரையறதப் பத்தி ஒரு வார்த்த இல்லையே."

"நான் வரைஞ்சு அவங்க பாத்ததில்ல சார். அவங்க வரையும்போது அவங்க முகத்த நான் பாத்திருக்கேன். ரெண்டு பேரும் அதோ, மூணாவதுலயும் பன்னெண்டாவதுலயும் இருக்காங்க."

தேர்வாளர் எழுந்து போய்ப் பார்த்தார். நான்காவது, ஐந்தாவது என்று நகர்ந்தார். ஏழாவதில் நின்றார். திரும்பி ஃபாங்கின் காதைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். மூத்த பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைக்கத் துடைக்க அவர் தோள் குலுங்கியது.

ஃபாங்கின் முகத்தில் ஈயாடவில்லை. "இது எத்தனை நிமிஷத்து போஸ்?" என்று கேட்டார்.

"இருபது சார். அதுல நீங்க என்னைப் பாத்தது நாலு தடவ. பக்கத்துல பாத்தது பதினோரு தடவ."

சொன்ன பிறகுதான் சியுரோங் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகிய வாய்.

ஃபாங் மேசையைப் பார்த்தபடி, "எனக்கு அப்ப கைய வரைய வராது," என்றார்.

"தெரியும் சார். கைகிட்ட வந்தப்பதான் கழுத்து நீண்டுச்சு."

ஹோங் மணியை இரண்டு தட்டுத் தட்டினார். உண்மையில் பத்து நிமிடம் ஆக இன்னும் அரை நிமிடம் இருந்தது. அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சியுரோங்கின் தோள்கள் சட்டென்று தளர்ந்தன. வலது கை பின்னால் போய், அங்கே இல்லாத அங்கியைத் தேடியது.

வாசலில் லாரியில் ஏறி உட்கார்ந்து, "போச்சு," என்றார். மிங்தே வண்டியை எடுத்தார். அதிசயமாகக் கேலி செய்யவில்லை. வீடு வந்து சேர்கிறவரை சியுரோங் அழுதுகொண்டே இருந்தார். படத்தை வைத்ததற்காக அழவில்லை. எண்ணிக்கையைச் சொன்னதற்காக அழுதார்.

முடிவு ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். வியாழக்கிழமை என்றால் வகுப்பு. வேலையை விட்டுவிட்டு அறிவிப்புப் பலகை முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லை அவர். கைப்பேசிகளை எல்லோரும் பையில் போட்டுவிட வேண்டும், யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று மாணவர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டு, டேப்புக்குள் குதிகாலைப் பொருத்தி உட்கார்ந்தார். முதல் இருபது நிமிடம் முடிந்து இரண்டாவது தொடங்க இருந்தபோது கதவு திறந்தது. உள்ளே வந்தவர் ஃபாங்.

ஃபாங் வகுப்பில் வரைந்து பல வருடம் ஆகிறது. காலியாக நின்ற தாங்கி ஒன்றை இழுத்துப் போட்டு, யாரோ ஒருத்தியிடம் கரிக்குச்சி வாங்கிக்கொண்டு, மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சியுரோங் டைமரைத் திருகினார். ஒன்பது நாற்பது.

அந்த இருபது நிமிடமும் அவர் ஃபாங்கின் முகத்தைத்தான் படித்தார். யார் எந்தக் கோட்டில் தடுமாறுகிறார்கள், யாருக்கு வீட்டில் சண்டை என்றெல்லாம் மேடையிலிருந்தபடியே சொல்லிவிடுகிற மனுஷி. அன்றைக்கு அந்த ஒரு முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட்டது அந்தக் கைதான் என்று மட்டும் தெரியும். கெட்ட செய்தியை நேரில் சொல்ல வந்தவரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். வேறு வழி இல்லாமல், அவர் நிமிர்ந்து தன்னைப் பார்ப்பதை எண்ணத் தொடங்கினார். பத்து. பதினேழு. இருபத்து மூன்றில் ஃபாங் கைவிரல்களுக்கு வந்தார் என்று தெரிந்தது, ஏனென்றால் நெற்றி சுருங்கியது. கழுத்து நீளுமா என்று பார்த்தார். நீளவில்லை. முப்பத்தொன்று. பக்கத்தில் ஒரு தடவைகூட இல்லை.

டைமர் அடித்தது. மாணவர்கள் கரிக்குச்சியைக் கீழே வைத்தார்கள். சியுரோங் அங்கியைப் போட்டுக்கொண்டு நாடாவைக் கட்டினார்.

ஃபாங் தாளிலிருந்து கண்ணெடுக்காமல், "ஹோங்கிட்ட சொல்லணும்," என்றார். "அடுத்த கல்வியாண்டுக்கு வேற மாடல் தேடச் சொல்லி."

சியுரோங்குக்கு முதலில் புரியவில்லை. வேலையும் போயிற்றா என்றுதான் நினைத்தார்.

"அஞ்சு இடம். நாலாவது பேரு உங்களோடது."

கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார் சியுரோங், மறுபடியும் அவிழ்ந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

"அப்போ இனிமே பாக்கலாமா சார்?"

"பாக்கலாம்."

திரைக்குப் பின்னால் போகாமல் மேடையிலிருந்து இறங்கினார். வெறுங்காலோடு ஃபாங்கின் தாங்கியைச் சுற்றிக்கொண்டு போய், அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கே நின்றபடியே தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தார்: ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் இரண்டு மஞ்சள் வளையங்கள்.

"கை நல்லா வந்திருக்கு சார்," என்றார். "தோள்தான் கொஞ்சம் மேல தூக்கிப் போயிடுச்சு."

கேட்காமலே குனிந்து, கட்டைவிரலால் அந்தத் தோளை அழுத்தித் துடைத்தார். ஃபாங்கின் கையிலிருந்த கரிக்குச்சியை வாங்கி, ஒரு விரல் அகலம் கீழே புதிதாக ஒரு கோடு இழுத்தார். குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேடையேறி, மூன்றாவது இருபது நிமிடத்துக்காகக் குதிகால்களை டேப்புக்குள் பொருத்தினார்.