கோழிகள் கேட்ட சண்டைப் படம்

ப்ளூ-ரேயிலிருந்து கணினியில் காப்பி எடுத்து வைத்திருந்த சண்டைப் படத்தை இன்று காலை போட்டேன். படம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை.

வேறு பிளேயரில் போட்டேன். ஆடியோ டிராக்கை மாற்றினேன். வால்யூமை முழுக்க ஏற்றினேன். காப்பிதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, டிஸ்கைத் தேட எழுந்தேன்.

வீட்டை ஒட்டிய கோழி ஷெட்டிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

“ஏனுங்க, ஷெட்டுக்குள்ள ஒரே துப்பாக்கிச் சத்தமுங்க! கோழியெல்லாம் கூண்டுல அடிச்சுக்குது. மொதல்ல அதை நிறுத்துங்க!”

கோழிகளுக்குப் பாட்டுப் போடும் ப்ளூடூத் ஸ்பீக்கரை நேற்று இந்தக் கணினியோடு இணைத்தவன் நான்தான்.

படத்தை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஷெட் மெல்ல அடங்கியது.

பண்ணை மாமனாருடையது. நாளைக்கு முட்டை குறைந்தால் அவரிடம் என்ன சொல்வது? கோழிகளுக்குச் சீக்கு என்று மட்டும் யாரும் யோசனை சொல்லாதீர்கள், ஊசியோடு வந்து நிற்பார்.