பெயர் கூப்பிடாத பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா ஒல்லியானவர். பேசுமுன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். ஒருநாள் எங்களுடைய அடையாள அட்டை, பேங்க் விவரங்களைத் தவறுதலாக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர்களை உரக்கக் கூப்பிடாமல், ஒவ்வொருவரிடமும் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஒங்க விவரம் வெளிய போயிருச்சுங்க. தப்பு என்னோடது. பேங்க்ல இருந்து பேசுறோம்னு யாரு கேட்டாலும், போனுக்கு வர்ற நம்பரச் சொல்லிறாதீங்க."

"என் வயசும் போயிருச்சாங்கய்யா? இத்தன வருசமா மறைச்சு வச்சிருந்தேனே!" என்றார் பக்கத்து லயத்து வீட்டு அக்கா. எல்லோரும் சிரித்தோம். கிளாக்கர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் கொழுந்து பறிக்கையில் எனக்குப் போன் வந்தது. என் பெயரையும் அட்டை நம்பரையும் சரியாகச் சொன்ன ஒருவன், போனுக்கு வந்த நம்பரைக் கேட்டான். பேசாமல் வைத்துவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மழையில் கிளாக்கர் ஐயா மேல்மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார். அன்று வேலைக்கு வராதவர்களின் லயம் அங்கேதான் இருந்தது.