எஸ்ஸும் எஃப்பும்

என் சித்தி அரியாங்குப்பம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரிக்கு வரும் தந்திகளை அங்கிருந்து தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். சித்தி கேட்டு எழுதுவாள். அந்தக் கோடையில் கம்பிக்குள் வண்டுக்கூட்டம் புகுந்தது போல ஓயாத இரைச்சல். சைகோனிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகன் கப்பலேறிவிட்டதாக, SAILED என்று வந்த தந்தியில் எஸ் என்ற முதலெழுத்து எஃப் ஆகி FAILED ஆகிவிட, 'தோற்றுவிட்டான்' என்று செய்தி போய்ச் சேர்ந்தது. மகன் நேரில் வந்து நிற்கும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்திக்குக் காது மந்தம் என்று நகரத்து அதிகாரி விளக்கம் கேட்டு எழுதினார். அவள் அசரவில்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பியை அண்ணாந்து பார்த்தபடியே சாலையில் நடந்தாள். புதிதாகப் போட்ட மின்சாரக் கம்பி பக்கத்திலேயே ஓடியது. தொலைபேசியின் இரண்டு கம்பிகளும் சில கம்பங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மின்சாரக் கம்பியின் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, ஒன்றையொன்று அடித்து இல்லாமலாகும். தொலைபேசிக்குப் புதுக்கம்பங்கள் நட்டவர்கள் மாற்றாமலே இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நீங்களே கேட்டு எழுதுங்க சார். எங்க அக்கா பொண்ணு படிப்பா."

எனக்கு ஏழு வயது. ஆங்கில எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் தெரியாது. அர்த்தம் வைத்து ஊகிக்க இடமில்லாதபடி சித்தி கலைத்து எழுதித் தந்த இருபது எழுத்துகளை உரக்கப் படித்தேன். அவர் எழுதியதைத் திருப்பிச் சொன்னார். ஏழு தப்பு. பிறகு, ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் கம்பிகளை மாற்றிக் கட்டினார்கள். மறுபடி படித்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி கைக்குட்டை எடுத்தபோது பையிலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. அதையும் பிரித்து, முதல் வரியிலிருந்த ஒரு வார்த்தையை அதே குரலில் படித்தேன்: ஆர், இ, எஸ், ஐ, ஜி, என்.

சித்தி குறுக்கிடாமல் கேட்டாள்.

"நல்லா படிச்ச பாப்பா" என்று சொல்லி, தாளை வாங்கி நான்காகக் கிழித்தாள்.

அந்த ஆறெழுத்தும் சேர்ந்தால் ராஜினாமா என்று எனக்குத் தெரியாது. தப்பில்லாமல் படித்த தாளை எதற்குக் கிழிக்கிறாள் என்று வீடு வரும்வரை அவளோடு நான் பேசவில்லை.