கையெழுத்துக்கு மேலே விட்ட இடம்

தீர்மானத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்று ஒரு பெண் கேட்பது எப்போதிலிருந்து சிரிப்புக்குரிய பேச்சாயிற்று? அந்தச் சிரிப்பை எங்கள் ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்ததில் என் பங்கு எவ்வளவு? சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட வளாகத்தில் கிராம சபை முடிந்து வீடு திரும்பிய வழியெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் என்னோடு நடந்து வந்தன. முதல் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு அன்றே கிடைத்துவிட்டது.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமியன்று இலட்சக்கணக்கானவர்கள் எங்கள் தெருமுனையைக் கடந்து போவார்கள். மறுநாள் காலையில் பிளாஸ்டிக் கோப்பைகளும் நாங்களும் மிஞ்சுவோம். என் அண்ணி அந்த ஊராட்சியின் வார்டு உறுப்பினர். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். நகரத்தில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் பல வருடங்களாக வேலை செய்கிறார். படிக்காமல் கையெழுத்திட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்து அழுதவர்களை அவர் வாரத்துக்கு ஒருவரையாவது பார்த்திருக்கிறார். அவர்கள் கேட்கிறபடி அந்தக் காகிதத்தை இரண்டு நகல் எடுத்துக் கொடுப்பதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

எங்கள் ஊராட்சியில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்குமுன் செயலர் தீர்மானப் புத்தகத்தில் நான்கைந்து பக்கங்களை வெறுமையாக விட்டு, அதற்கு அடுத்த பக்கத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார். பேச வேண்டியதைப் பேசிக் கலைந்த பிறகு, அவர் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து அந்தப் பக்கங்களை நிரப்புவார். இதில் யாரும் தவறு கண்டதில்லை. செயலர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பது ஊரின் எண்ணம். ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை இருந்தது.

அண்ணி தம் முதல் கூட்டத்திலேயே இதை மறுத்தார். "மேல இன்னா எழுதப் போறீங்களோ அதை எழுதிப் படிச்சுக் காட்டுங்க சார். அப்பறமா போடறேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். செயலர் முதல் முறையாக எல்லோர் முன்னிலையிலும் எழுத வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வரவழைத்திருந்த டீ ஆறி, ஆடை கட்டி, கடைசியில் தலைவர் அந்த ஆடையை விரலால் எடுத்துச் சுவரில் தடவினாராம். அன்று மாலை அடுப்படியில் இதைச் சொல்லும்போது அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் என்னைப் பேச வைத்தது. நான் அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கணக்கெடுப்பு வேலை செய்துவந்தேன். என்னோடு படித்த தோழி சென்னையில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு வசனம் எழுதும் குழுவில் சேர்ந்திருந்தாள். ஓர் ஊராட்சி அலுவலகத்தில் நடக்கும் கதை. ஒரு நாள் போனில், "உங்க அண்ணி மெம்பராமே. ஏதாவது நெஜமா நடந்தது இருந்தா சொல்லுடி. நாங்க இங்க ஏசி ரூம்ல உக்காந்து கிராமத்தைக் கற்பனை பண்ணிட்டு இருக்கோம்" என்றாள். ஆறிப்போன டீயின் கதையைச் சொன்னேன். நல்லதைச் செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தத் தொடரை நான் விரும்பிப் பார்த்தேன் என்பதை மறைக்கக் கூடாது. அதில் எல்லாக் கொள்கைக்கும் ஓர் ஆள் இருந்தார். அரசாங்கமே தண்டம், தெருக்குழாய் முதல் சுடுகாடு வரை எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டுவிடலாம் என்று சொல்லும் தலைவர். பல்பு மாற்றுவதற்கும் மறியல் செய்யச் சொல்லும் சிவப்புத் துண்டுக்காரர். முன்னோர் காலத்தில் பல்பே கிடையாது என்று நினைவூட்டும் நெற்றி நிறைய விபூதிக்காரர். இவர்களுக்கு நடுவில் எதற்கும் அசராத ஓர் எழுத்தர். எல்லோரையும் சமமாகக் கேலி செய்கிறார்கள், ஒரு சார்பும் இல்லை என்று அலுவலகத்தில் நானே பாராட்டிப் பேசியிருக்கிறேன்.

சட்டத்தை நம்பும் பெண் உறுப்பினர் ஒருவர் ஆடி மாதத் தொடக்கத்தில் அந்தத் தொடருக்குள் வந்தார். கையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம், மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி. "படிச்சுக் காட்டுங்க!" என்று அவர் விரலை உயர்த்தும்போதெல்லாம் பின்னணியில் ஒரு மணி அடிக்கும், அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒன்றாகக் கொட்டாவி விடுவார்கள். அந்த முதல் நாள் டீ ஆறியது, ஆடை கட்டியது, தலைவர் அதைச் சுவரில் தடவினார். கடைசியில் எழுத்தர் வந்து, "எல்லாரும் கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்றதும், அந்த அம்மாளைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். சிரித்து முடித்தபின் ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார். அந்தப் பார்வையை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

அடுத்த வாரமே ஷேர் ஆட்டோவில் தொடங்கியது. நானும் அண்ணியும் ஏறியதும் ஓட்டுநர் திரும்பி, "மெம்பர்க்கா, வண்டி பெரிய கோபுரம் வழியா போவுது. படிச்சுக் காட்டிட்டு ஏத்தட்டா?" என்றார். வண்டியில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர். பிரசவ வலி வந்தால் காசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுகிறவர். பிறகு ரேஷன் கடையில், பால் ஊற்றும் இடத்தில், கடைசியாக ஊராட்சி அலுவலகத்திலேயே அந்தக் குரல் கேட்டது. செயலர் அந்த வசனத்தைத் தம் கைப்பேசியின் அழைப்பொலியாக வைத்துக்கொண்டார். தெருவிளக்குப் பழுது பற்றி அண்ணி கேள்வி கேட்கும் நேரம் பார்த்து யாராவது செயலருக்கு ஓர் அழைப்பு விடுத்தார்கள்.

ஒளிபரப்பு நேரத்தில் எங்கள் தெருவில் நடந்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே மணிச் சத்தம், அதைத் தொடர்ந்து ஒரே சிரிப்பு. அந்த நேரத்தில்தான் அண்ணி வாசல் குழாயில் பாத்திரம் கழுவுவார். தெருவே தன்னைப் பார்த்துச் சிரிப்பதைப் போலிருக்கும் அந்த அரை மணி நேரமும் அவர் கை நிற்காது. தண்ணீரை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகத் திறந்துவிடுவார்.

அதே நாட்களில்தான் குளத்து மேட்டில் சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்தேன். எங்கள் வார்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. மலைச்சரிவில் விழும் மழை ஓர் ஓடை வழியாக அதில் வந்து சேரும். எங்கள் நாற்பது வீட்டுக்கும் உள்ள ஒரே ஆழ்துளைக் கிணறு அந்தக் குளத்தை நம்பித்தான் ஊறுகிறது. குளத்தை ஒட்டிய மேட்டைச் சமன்செய்து, பௌர்ணமி வண்டிகளை நிறுத்தும் இடமாகக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மேட்டை மட்டும் எடுத்தால் அண்ணிக்கு மறுப்பு இல்லை. ஆனால் சுண்ணாம்புக் கோடு மேட்டோடு நிற்கவில்லை. ஓடையைத் தாண்டிப் போய், அதன் மறுகரையில் முடிந்தது. முளைக்குச்சிகளில் புதிய சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லை. கோடு போட்டு முடித்திருந்தார்கள்.

"கிராம சபையில சர்வே நம்பரைப் படிக்கச் சொல்லணும்" என்றார் அண்ணி. "ஓடை நம்பர் அதுல இருந்துச்சுன்னா நம்ம தண்ணி அவ்ளோதான். கிராம சபை தீர்மானத்தை மாத்தறது லேசுல இல்ல, பாப்பா."

சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கூட்டம். வேப்ப மரத்தடியில் சாமியானா. நுழைவிடத்தில் ஒரு மேசை. மேசையின் மேல் தீர்மானப் புத்தகம். பக்கத்தில் காராபூந்திப் பொட்டலங்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு பொட்டலம். நானும் வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவர் பேனாவை என்னிடம் நீட்டினார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

தலைவர் பேசினார். வண்டி நிறுத்தத்தால் ஊருக்கு வருமானம், இளைஞர்களுக்கு வேலை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். புத்தகம் உறுப்பினர்களின் வரிசைக்கு வந்தபோது அண்ணி எழுந்தார்.

"சர்வே நம்பர் இன்னான்னு…" என்று தொடங்கினார்.

மீதி வார்த்தைகளைக் கூட்டமே சொல்லி முடித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடங்க, "படிச்சுக் காட்டுங்க!" என்று சாமியானா முழுவதும் ஒலித்தது. யாரோ மணியடிப்பது போல டம்ளரில் கரண்டியால் தட்டினார்கள். ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக் காட்டினார். எங்கள் வார்டுப் பெண்கள், அந்தக் கிணற்றில் தண்ணீர் பிடிக்கிறவர்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஓடை போயிடும்ங்க. வெளையாட்டு இல்ல இது" என்றார் அண்ணி.

"மெம்பர்க்கா, டயலாக் மாறிப்போச்சு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செயலர் கைகூப்பி எழுந்தார். "அக்கா, டீ ஆறிடும்க்கா. போட்டுட்டு உக்காருங்க. மீதியை நான் பாத்துக்கறேன்." தொடரில் எழுத்தர் பேசும் அதே குரலில், அதே இடத்தில் நிறுத்தி அவர் சொன்னதும் விசில் பறந்தது.

அந்தக் கூட்டத்தில் யாரும் அண்ணியை மிரட்டவில்லை. ஒருவரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. நான் எழுந்து நின்று, அவர் கேட்டது நியாயம் என்று சொல்லியிருக்கலாம். என் மடியில் காராபூந்திப் பொட்டலம் இருந்தது. அண்ணி குனிந்து, மூடியிருந்த பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கிடைத்த கைதட்டல் தலைவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நீ கையெழுத்து போட்டியா, பாப்பா?"

"போட்டேன் அண்ணி."

"எப்போ?"

"உள்ள நுழையறப்பவே."

அவர் தலையை ஆட்டினார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. சென்னைத் தோழியிடம் டீயின் கதையைச் சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "தலைவர் ஆடைய எடுத்துச் சொவுத்துல தடவனதை நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன். டிவில வந்த அன்னிக்கே தெரியும்."

மறுநாள் தோழியை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் உண்மையாகவே வருந்தினாள். "ஆனா நாங்க யாரையும் குறி வெச்சு எழுதலையேடி. எல்லாரையும்தான கலாய்க்கறோம்? எந்தக் கட்சிக்காரனும் இதுவரைக்கும் கோவிச்சிக்கல" என்றாள். அந்தப் பாத்திரத்துக்கு நல்ல வரவேற்பு என்பதால் இனி வாரம் முழுவதும் வரும் என்பதையும் தயங்கியபடி சொன்னாள்.

அதன்பின் பழைய வாரங்களின் கதைகளையெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். ஏலக்காரர் தோற்பார், சிவப்புத் துண்டுக்காரர் தோற்பார், விபூதிக்காரர் தோற்பார், சட்டம் பேசும் அம்மாள் எல்லோரையும்விட மோசமாகத் தோற்பார். ஒரு வாரம்கூட எழுத்தர் தோற்றதில்லை. எதையாவது நம்புகிறவன் பைத்தியக்காரன், எதையும் நம்பாமல் காலிப் பக்கத்தை வைத்திருக்கிறவனே விவரமானவன் என்பதுதான் அந்தத் தொடரின் கொள்கை. சார்பே இல்லை என்று நான் பாராட்டியது இதைத்தான். அரசியல் கொள்கைகளைப் பற்றி இரண்டு வருடம் படித்து மதிப்பெண் வாங்கிய எனக்கு, சிரிப்புச் சத்தத்தோடு வந்த ஒரு கொள்கையை அடையாளம் காணத் தெரியவில்லை.

தீர்மானத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்திலிருந்து பெறச் சில வாரங்கள் ஆயின. ஓடையின் சர்வே எண் மூன்றாவது வரியில் இருந்தது. அதற்குக் கீழே, பல பெயர்களுக்கு நடுவில், என் கையெழுத்து தெளிவாக, ஆங்கிலத்தில், பட்டத்தோடு இருந்தது. அதை மேலும் நகலெடுக்க அண்ணி வேலை செய்யும் கடைக்குத்தான் போனேன். அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, காகிதத்தை நேராக வைத்து, எத்தனை நகல் வேண்டும் என்று மற்றவர்களைக் கேட்பது போலவே என்னையும் கேட்டார்.

ஐப்பசி மழை மலையிலிருந்து இறங்கி, மண் கொட்டிய ஓடையில் முட்டி, தார்ச்சாலையில் ஏறிப் போயிற்று. குளத்தின் அடியில் சேறுதான் மிஞ்சியது. தை மாதத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் காற்றை இறைத்தது. பௌர்ணமியன்று மேட்டில் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. வார்டுப் பெண்கள் குடங்களோடு அவற்றுக்கு நடுவில் வழி கண்டுபிடித்து அடுத்த தெருவுக்குப் போகிறார்கள்.

பதவிக்காலம் முடியும்வரை அண்ணி எல்லாக் கூட்டங்களுக்கும் போனார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எதையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. கூட்டத்தில் நடந்ததை என்னிடம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.