மூன்றாவது வளைவில் மணி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரமெல்லாம் என் கைக்கடிகாரம் காட்டிய நேரம். இதில் ஒரு பொய் இருக்கிறது. அது நான் இரண்டு முறை சொன்னது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நானும் கேலனும், வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸில் பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தோம். குளிர்காலம் முழுக்கப் பனியில் சைக்கிள் விடுவோம். உள்ளங்கையை விட அகலமான டயர். அதிலும் காற்றை நன்றாக இறக்கினால்தான் புதையாமல் பனிமேல் போகும். கிளம்புமுன் கேலன் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். கேட்காமலே காற்றை இறக்கிவிடுவான்.

ஆற்றோரப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் வளைவில் நின்று ஒரு முறை மணி அடிக்க வேண்டும். பின்னால் வருகிறவர் இரண்டு முறை அடித்துப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் முன்னால் போனவர் தேடித் திரும்புவார்.

ஏப்ரல் முதல் வாரம். அந்தப் பருவத்தின் கடைசிச் சவாரி.

"எதுக்கு என் டயர்ல கை வச்சே?"

"கல்லு மாதிரி இருந்துச்சு, ரோஸ்."

"என் வண்டி. நான் பாத்துக்க மாட்டேனா?"

"நீ பாத்துக்கிற லட்சணம்தான் தெரியுமே. போன வாரம் இடுப்பு வரைக்கும் பனியில நின்னது யாரு?"

சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டான். மூன்றாவது வளைவிலிருந்து அவன் மணி கேட்டது. டிங். எனக்குக் கோபம். பதில் அடிக்கவில்லை. மறுபடி டிங். அப்போதும் அடிக்கவில்லை.

என்னைத் தேடித் திரும்பியவன், சீக்கிரம் வருவதற்காகப் பாதையை விட்டு, உறைந்த ஆற்றின் குறுக்கே வந்திருக்கிறான். ஐஸ் மெலிந்திருந்த இடம். அவன் டயர் தடம் ஒரு கறுப்பு ஓட்டைவரை போய் முடிந்தது. அவனும் கிடைக்கவில்லை, சைக்கிளும் கிடைக்கவில்லை.

தேட வந்தவர்கள் கேட்டார்கள்: "மணி ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லை" என்றேன்.

டிசம்பரில் என் சிநேகிதி பெர்னி வீட்டுக்கு வந்து நின்றாள். "இன்னும் ஒரு வாரம் இப்படியே உக்காந்திருந்தா, அந்த சோபாவே உன்னைத் தத்தெடுத்துக்கும்டி. எழுந்திரு." அவளே என் டயருக்குக் காற்றும் அடித்தாள். அளவுக்கு மேல்.

டிசம்பர் 19. மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. மதியம் 2.20-க்குக் காரிலிருந்து சைக்கிள்களை இறக்கினோம். 2.40-க்குச் சூரியன் போய்விட்டது. முதல் வளைவில் பெர்னிக்கு விரல் மரத்துவிட்டது.

"நான் போய் கார்ல ஹீட்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிறேன். நீயும் வந்துடு."

"மூணாவது வளைவு வரைக்கும் போயிட்டு வர்றேன்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த வளைவில் நின்று இரண்டு முறை மணி அடிக்க வேண்டும். எட்டு மாதம் தாமதமான பதில்.

காலையில் விழுந்த பனி. எனக்கு முன்னால் யார் தடமும் இல்லை. டயர் புதைந்து புதைந்து வந்தது. 3.05-க்கு மூன்றாவது வளைவு. விளக்கைப் போட்டேன். கட்டைவிரலை மணிமேல் வைத்தேன்.

நான் அடிக்கவில்லை.

டிங்...

ஆற்றுப் பக்கத்திலிருந்து.

"பெர்னி?" என்றேன். பெர்னி எனக்குப் பின்பக்கம், மூன்று மைலில் இருந்தாள்.

3.07. டிங்... இன்னும் பக்கத்தில்.

அடித்தேன். டிங். டிங்.

பிறகு கறுக்... கறுக்... காய்ந்த பனியில் டயர் உருளும் சத்தம். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

நான் திரும்பவில்லை.

ஸ்ஸ்ஸ்... என் பின் டயர். காற்று இறங்கி நின்றது.

ஸ்ஸ்ஸ்... முன் டயர். நின்றது.

"கேட்டுச்சு, கேலன். அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு."

நேரே பார்த்தபடியே சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். டயர் புதையவில்லை. பின்னால் கறுக்... கறுக்... இரண்டாவது வளைவில் ஒரு முறை அடித்தேன். பின்னாலிருந்து டிங் டிங். முதல் வளைவில் அடித்தேன். டிங் டிங்.

3.41. கார் தெரிந்தது.

பெர்னி கண்ணாடியை இறக்கினாள். "யாருடி அது, உன் பின்னாடி?"

"யாரு?"

"ஒரு விளக்கு வந்துச்சே. ஆத்தங்கரை வரைக்கும் வந்து நின்னுடுச்சு. சூப் குடிக்கக் கூப்பிடலாம்னு பாத்தேன்."

அப்போதுதான் திரும்பினேன். யாரும் இல்லை. என் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். அதில் பனி அமுங்கியிருக்கவில்லை. வழிநெடுக நீர் சொட்டி உறைந்த கண்ணாடிபோல் இருந்தது. கரையோடு நின்றது.

பயம். அந்த நேரத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. சைக்கிளை ஏற்றினேன். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினேன்.

டிங்...

"மணிச் சத்தமா அது?" என்றாள் பெர்னி.

"இல்லை" என்றேன். "கிளம்பு."

மே மாதம் ஆற்றின் ஐஸ் உடைந்தபோது கேலன் கிடைத்தான். சைக்கிளும் பக்கத்திலேயே கிடந்தது. போன வருடம் தேட வந்தவர்கள் மூன்றாவது வளைவிலிருந்து பத்து மைல் கீழ்வரைக்கும் தேடியிருந்தார்கள். ஆறு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. அவன் இருந்தது வளைவுக்கு மேலே. ஓட்டத்துக்கு எதிராக, மூன்று மைல். நாங்கள் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நேர் கீழே, கரையோரமாக.

அறிக்கை எழுதிய அதிகாரி அதை என்னிடம் காட்டினார். எப்படி இங்கே வந்தார் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தார்.