என் கை நின்ற இடம்

போன வருஷம் தை மாசக் கடைசி. ஆரணியில் என் பட்டுக்கடையில் கல்யாணக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில் என் மகள் வந்து, மேல்படிப்புக்கு எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம் என்று பேச்செடுத்தாள். சென்னையில் ஓவியப் படிப்பு முடித்தவள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். சைக்கிளில் மூட்டை கட்டி வந்தவாசி, தெள்ளார் என்று வீடு வீடாகப் புடவை விற்றவன். இன்றைக்கு மூன்று மாடிக் கடை. யார் தயவும் இல்லாமல் வந்தது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை. என் வித்தை ஒன்றுதான். புடவையை விரித்துப் போட்டபின் வந்தவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். வாய் "சுமாராத்தான் இருக்கு" என்னும். ஆனால் ஒரு புடவையின் மேல் கை நின்றுவிடும். உடனே கடைப் பையனிடம் "மத்தத மடிச்சிடு" என்பேன். வியாபாரம் முடிந்தது. இதில் நான் தோற்றதே கிடையாது.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு கல்லூரியைப் பொறுக்கத் தெரியாதா? "காலைல பஸ் ஏறினா சாயங்காலம் வீடு வந்து சேரணும். அந்த மாதிரி காலேஜுங்களுக்கு மட்டும் போடு" என்றேன். அவள் ஆசையோ வடக்கே, ரயிலில் ஒன்றரை நாள் தள்ளியிருந்த ஒரு கல்லூரி மேல். அதற்கு விண்ணப்பமே போடக்கூடாது என்றுவிட்டேன்.

"புடவைக்கு பார்டர் சொல்ற மாதிரி பொண்ணு படிப்புக்கும் சொல்லிகினு இருக்கீங்க" என்று என் மனைவி நொடித்தாள்.

மகள் சண்டை போடவில்லை. "சரிப்பா, நீயே செலக்ட் பண்ணு. ஆனா பாக்காம பண்ணாத. காலேஜுங்கள்ல பசங்க வரைஞ்சத காட்சிக்கு வச்சிருக்காங்க. வந்து பாரு" என்றாள்.

பக்கத்துக் கல்லூரிகள் இரண்டுக்கும் போனோம். நல்ல படங்கள்தான். "சூப்பரா கீது" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். பாதி நேரம் போனில் ஜரிகைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த வடநாட்டு ஊரில் என்னிடம் சரக்கு எடுக்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். அவரைப் பார்த்த மாதிரியும் ஆகட்டும் என்று அங்கேயும் மகளோடு கிளம்பினேன்.

அங்கே ஒரு நீளமான கூடம். உள்ளே திரும்பியதும் எதிர்ச்சுவர் முழுக்க ஏரி. ஏரியின் மேல் மழை. தண்ணீரில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு வளையம். வளையத்தை இன்னொரு வளையம் உடைக்கிறது, தூரத்தில் எல்லாம் கலந்து புகையாகிவிடுகிறது. வர்ணமே இல்லை, வெறும் பென்சில். சத்தியமாக ஈர மண் வாசனை அடித்தது. ஈரமாக இருக்குமோ என்று கையை நீட்டினேன். கை பாதியில் அப்படியே நின்றுவிட்டது. சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சுவரின் கீழ் மூலையில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து இன்னும் வரைந்துகொண்டிருந்தாள். விரலெல்லாம் பென்சில் கரி. எப்போது முடியும் என்று மகளை விட்டுக் கேட்டேன். அந்தப் பெண் தலை நிமிராமல் ஏதோ சொன்னாள்.

"மழை இன்னும் விடலையாம்பா" என்றாள் மகள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பியபோதுதான் கவனித்தேன். மகள் சுவரைப் பார்க்கவில்லை. காற்றில் நின்றிருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என் கடையில் வளர்ந்தவள் அல்லவா.

"அப்பா," என்றாள் மெதுவாக, "மத்தத மடிச்சிடலாமா?"

அந்தப் பேச்சுக்கு என் கடையில் யாரும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. "மடிச்சிடு" என்றேன்.

இப்போது அவள் அங்கேதான் படிக்கிறாள். வருஷத்துக்கு இரண்டு முறை வருகிறாள். இத்தனை காலமும் ஊரார் கையைப் பார்த்தே பிழைத்தவன், என் கையும் ஓரிடத்தில் நிற்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் கடையில் யாருடைய கையாவது ஒரு புடவையின் மேல் நின்றால், சட்டென்று மடிக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர்கள் எந்த மழையில் நனைந்துகொண்டு நிற்கிறார்களோ என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடுகிறேன்.