ஜன்னலைத் திறந்த பிறகு

லோத்குண்டாவில் எங்கள் வீடு. என் கணவர் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். கொஞ்ச நாளாக அவரிடம் ஒரே திட்டு.

"ஜன்னல் கண்ணாடி பூரா கோடு கோடா இருக்கு. தொடைக்கத் தெரியாதா உனக்கு?"

போர் தண்ணீரின் உப்பு என்று நினைத்தேன். குடிதண்ணீரில் வினிகர் கலந்து துடைத்தேன். ஈரம் காய்வதற்குள் பழைய பேப்பரால் தேய்த்தேன். வெயிலில் துடைத்தால் கோடு விழும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், வெயில் இறங்கியபின் துடைத்தேன். என் கண்ணுக்கு ஒரு கோடும் தெரியவில்லை. அவர் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெறுத்துப்போனது. ஜன்னல் கதவை முழுசாகத் திறந்துவிட்டேன்.

"இப்பப் பாருங்க. கோடு இருக்கா?"

வெளியே பார்த்தார். "இருக்கே. அப்பிடியேதான் இருக்கு."

அவருக்கு முன்னால் கண்ணாடியே இல்லை. கையை நீட்டித் தடவிப் பார்த்தபிறகு அவருக்கும் புரிந்தது.

"நக்கோ, வேணாம், யார்கிட்டயும் சொல்லாத," என்றார். "வண்டி ஓட்டலைன்னா என்னத்தச் சாப்பிடறது?"

ஆட்டோ சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நாளைக்கு ஆட்டோ வராது என்று பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போன் செய்தேன். அவர் தடுக்கவில்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"கைக்கு? வண்டி கராபா?" ஏன், வண்டி கெட்டுப்போச்சா என்று ஒரு பிள்ளையின் அம்மா உருதுவில் கேட்டாள்.

"ஹவ், ஆமா, வண்டிதான்," என்றேன்.

அவர் கேட்டதில் அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது.